வாசகர் கேள்வி – பதில்: மிலிட்டரி ஆசாரி

போன இதழ்ல ஒரு தம்பி, "அக்கா, உங்களுக்கு முதல் குரு யாரு?"ன்னு கேட்டிருந்தாப்ல. எங்க அப்பாதான், 16 வருஷம் பட்டாளத்துல இருந்துட்டு வந்து 33 வருஷம் ஊர்ல தச்சு வேலை பார்த்தவரு, ஊர்ல அவரை மிலிட்டரி ஆசாரின்னுதான் கூப்பிடுவாங்கன்னு நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. பாதிப்பேரு "எங்க வீட்லயும் ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தாரு"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: பட்டாளத்துலயும் அப்பா தச்சு வேலையே பார்த்தாருன்னு எழுதியிருந்தீங்களே அக்கா, துப்பாக்கி பிடிக்கிற இடத்துல ஆசாரிக்கு என்ன வேலை? – கல்லூரி மாணவர், ஆரணி

நல்ல கேள்வி தம்பி. நானும் சின்ன வயசுல இதைத்தான் கேட்டேன், அதுக்கு அப்பா, "பட்டாளம் நடக்கணும்னா பாதை வேணும்ல, அதைப் போடறது யாரு?"ன்னு திருப்பிக் கேட்டாரு.

அவரு இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்துக்குப் பாதை, பாலம் போடற படை. இப்ப மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்னு பேரு, பெங்களூர்ல அல்சூர் ஏரி பக்கத்துல சென்டர். 1780ல ஆரம்பிச்ச படை. இன்னைக்கும் ராணுவத்துல இவங்களை "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க, வடக்கத்தி ஆபீசர் வாயில கூட அந்தத் தமிழ் வார்த்தை வரும்னு அப்பாவுக்கு அதுல ஒரு பெருமை. முள்வேலியை வெடிச்சுத் தள்ளறதுக்கு ஒரு நீளக் குழாய் இருக்கு பாருங்க, பெங்களூர் டார்பிடோன்னு, அதை 1912ல கண்டுபிடிச்சது இதே சாப்பர்ஸ்ல இருந்த மெக்ளின்டாக்னு ஒரு கேப்டன்தான்.

சாப்பர்னு சேர்ந்தா எல்லாரும் துப்பாக்கியும் பழகணும், கூடவே ஆளுக்கு ஒரு தொழில் இருக்கும், கார்பென்டர், மேசன், கொல்லு வேலை, எலக்ட்ரீஷியன் இந்த மாதிரி. அப்பா 1963ல சேர்ந்தாரு. 1962ல சைனா சண்டை முடிஞ்ச கையோட பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கிட்டே இருந்த நேரம் அது. எங்க தாத்தா ஆசாரி, அவரு அப்பாவும் ஆசாரி, அதனால டிரேடு டெஸ்ட்ல ஒரு கட்டையைக் கொடுத்து கழுந்து (ஒரு கட்டை முனையைச் செதுக்கி இன்னொண்ணோட துளையில இறுக்கிச் சொருகறது) அடிச்சு சேர்த்துக் காட்டுன்னாங்களாம், இவரு அடிச்சு சேர்த்துட்டு அதைத் தூக்கி ஆட்டிக் காட்டியிருக்காரு, ஆணி இல்லாம அப்படியே நின்னுச்சாம். அப்ப அவருக்கு 19 வயசு.

அப்புறம் அங்க போயி அவரு அதிகமா செஞ்சது பாலம். பெய்லி பாலம்னு ஒண்ணு, இரண்டாம் உலகப் போர் நேரத்துல டொனால்டு பெய்லின்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர் வடிவமைச்சது, 10 அடி நீளம் 5 அடி உயரத்துல இரும்புச் சட்டம், ஒரு சட்டம் சுமார் 260 கிலோ, கிரேன் கிடையாது, 6 பேர் தோளுக்கு நேரா தூக்கிட்டுப் போயி ஒண்ணோட ஒண்ணு மாட்டி நடுவுல பின் அடிச்சா பாலம். வெல்டிங் இல்ல. அந்தப் பின்னை அப்பா பின்னுன்னு சொல்லவே மாட்டாரு, கடையாணின்னுதான் சொல்லுவாரு. வண்டிச் சக்கரம் கழண்டு ஓடாம அச்சு முனையில சொருகறமே அந்தக் கடையாணி. "ஊர்ல வண்டி நிக்கறதும் கடையாணியில, அங்க டாங்கு போறதும் கடையாணியில, எனக்கு ரெண்டும் ஒரே வேலைதான்"னு சொல்லுவாரு.

கேள்வி: 1971 போர்ல இருந்தாரா? என்னவெல்லாம் பார்த்தேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காரா? – திருவண்ணாமலை வாசகர்

இருந்தாரு. சொன்னதில்ல.

இதைக் கொஞ்சம் விளக்கமா எழுதறேன் ஐயா, ஏன்னா இதே கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்கீங்க. டிசம்பர் 3ல ஆரம்பிச்சு 16ல டாக்கால சரணடைஞ்சதோட முடிஞ்ச சண்டை, 13 நாள். நமக்கெல்லாம் தெரிஞ்சது கிழக்கு பக்கம், வங்காளதேசம், 93 ஆயிரம் கைதிகள், அந்தக் கையெழுத்து போடற போட்டோ. அப்பா இருந்தது மேற்கு பக்கம், ஷகர்கர் செக்டார், பசந்தர்னு ஒரு ஆறு. அங்க எதிரி கண்ணிவெடியைப் புதைச்சு வச்சிருந்தாங்க, டாங்கு போகணும்னா முதல்ல சாப்பர்ஸ் போயி அதை எடுத்து வழி பண்ணணும். டிசம்பர் 15 ராத்திரி பாதி வழிதான் எடுத்திருக்காங்க, அதுக்குள்ள ஆத்துக்கு அந்தப் பக்கம் எதிரி டாங்குகள் நடமாட்டம்னு சேதி வருது, பூனா ஹார்ஸ்னு நம்ம டாங்குப் படை, கண்ணிவெடியைப் பாதிதான் எடுத்திருந்த அந்த வழியாவே உள்ள போயிட்டாங்க. அடுத்த நாள் அந்தச் சண்டையிலதான் அதே படை ஆபீசர் அருண் கேத்தர்பால் செத்துப்போனாரு, 21 வயசு, பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க.

இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அப்பா வாயில இருந்து வந்தது ரெண்டே விஷயம், அதுவும் வேற எதுக்கோ சொன்னது.

ஒண்ணு. எனக்கு 10 வயசு இருக்கும், எங்க ஊர் அம்மன் கோயில் திருவிழால கூட்டத்தை ஒழுங்குபடுத்த ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டியிருந்தாங்க. அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, அவ்வளவு இறுக்கமா என்னைக்கும் பிடிச்சதில்ல. "நடுவுலயே வா, நாடாவைத் தொடாத, எனக்குப் பின்னாடி எங்கால் வச்ச இடத்துல கால் வை"ன்னாரு. சாமி கும்பிட்டு வெளிய வர்ற வரைக்கும் அப்படித்தான். கோயிலுக்குள்ள ஒழுக்கமா நடக்கச் சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு கண்ணிவெடி எடுத்த பாதைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை நாடாதான் கட்டுவாங்கன்னு ஒரு கட்டுரையில படிச்சேன், படிச்ச உடனே புக்கை மூடி வச்சுட்டு கொல்லைப்பக்கம் போயிட்டேன்.

இன்னொண்ணு இழைப்புளி பிடிக்கக் கத்துக் கொடுக்கும்போது. நான் அவசரப்பட்டு அழுத்தினா கட்டை பிய்ஞ்சு வரும், அப்ப சொல்லுவாரு, "குத்தாதடி, சாய்ச்சுப் பிடி, தடவிப் பாரு, உள்ள என்ன இருக்குன்னு கை சொல்லும்". மண்ணுக்குள்ள இருக்கற கண்ணிவெடியை ஒரு கம்பியால குப்புறப் படுத்துக்கிட்டு அப்படித்தான் தேடணும், நேரா குத்தினா வெடிக்கும், சுமார் 30 டிகிரி சாய்ச்சு, அங்குலம் அங்குலமா. அதைத்தான் அவரு எனக்கு மாமரப் பலகையில கத்துக் கொடுத்திருக்காரு.

அதனால உங்க வீட்லயும் பெரியவர் பேசலைன்னா நீங்க முன்னாடி உக்காந்து "சண்டையைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க, வராது. அவரு ஏதாவது வேலை செஞ்சா கூட உக்காருங்க, கயிறு திரிச்சா மறுமுனையைப் பிடிங்க, வரப்பு வெட்டினா கூட நில்லுங்க. அவங்க பேசறது அங்கதான்.

கேள்வி: எங்க அப்பா 1999 கார்கில்ல இருந்தவரு. இப்ப 54 வயசு, செக்யூரிட்டி வேலைக்குப் போறாரு. ராத்திரில திடீர்னு கத்திக்கிட்டு எழுந்திருக்காரு, ஒரு தடவை எழுப்பப் போன அம்மாவைத் தள்ளி விட்டுட்டாரு, அம்மாவுக்கு கையில அடி. ஊர்ல பேய் புடிச்சிருக்குன்றாங்க. என்ன பண்றது அக்கா? – பெயர் வேண்டாம்

கண்ணு, பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. இது போருக்குப் போனவங்களுக்கு வர்ற ஒரு மனக்காயம், டாக்டருங்ககிட்ட இதுக்கு வைத்தியம் இருக்கு, குணமாகுறவங்க நிறைய பேர். உங்க அப்பா பென்ஷன் வாங்கறவரா இருந்தா ஈசிஹெச்எஸ் கார்டு இருக்கும், 2003ல இருந்து முன்னாள் ராணுவத்தினருக்குன்னே இருக்கற மருத்துவத் திட்டம், அந்த பாலிகிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி தூக்கத்துல கத்தறதை வெக்கப்படாம சொல்லுங்க, மனநல டாக்டருக்கு அவங்களே எழுதிக் கொடுப்பாங்க. அதுக்கு அவரு ஒத்துக்கற வரைக்கும் 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்க உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம், வீட்டுக்காரங்க கூட பேசலாம்.

அம்மாகிட்ட இன்னைக்கே ஒண்ணு சொல்லிடு. அவரு கத்தும்போது கிட்ட போயி தோளைத் தொட்டு உலுக்கி எழுப்பக்கூடாது. கதவுகிட்ட நின்னு லைட்டைப் போட்டுட்டு பேரைச் சொல்லிக் கூப்பிடணும், "நீங்க வீட்ல இருக்கீங்க, நான்தான்"னு. எங்க அம்மா இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செஞ்சாங்க, கட்டில் பக்கம் போக மாட்டாங்க, கால்மாட்டுல தள்ளி நின்னு எங்க அண்ணன் பேரைச் சொல்லி "அவன் அப்பா, அவன் அப்பா"ன்னு கூப்பிடுவாங்க. நான் பாயில படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருப்பேன். அந்தக் காலத்துல டாக்டர்கிட்ட போகணும்னு எங்க யாருக்கும் தோணல. உங்களுக்குத் தோணியிருக்கு, போயிடுங்க. அம்மாவுக்கு மறுபடியும் அடிபடற மாதிரி இருந்தா கொஞ்ச நாளைக்கு வேற அறையில படுக்கச் சொல்லு, அது அப்பாவுக்குச் செய்யற துரோகம் இல்ல. கட்டாயம் மறுபடி எழுது.

கேள்வி: அந்தக் காலத்து கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படி மாட்டுவாங்க? ஆணி அடிப்பாங்களா? – பள்ளி ஆசிரியர், செய்யாறு

ஐயா, இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அந்த வரட்டி புகை வாசனையே வந்துடுச்சு.

சக்கரத்துக்கு நடுவுல இருக்கறது குடம், அதுல இருந்து வெளிய வர்றது ஆரக்கால், வெளி வட்டம் வட்டை. அப்பா செய்யற சக்கரத்துக்கு 12 ஆரக்கால், 6 வட்டை, வட்டைக்கு 2 கால். குடத்துக்கு வாகை, காலுக்கு கருவேலம், மரம் அறுத்து வெயில் படாம ஒரு வருஷமாவது காயணும், பச்சை மரத்துல செஞ்சா சித்திரை வெயில்ல எல்லா மூட்டும் விட்டுடும். இவ்வளவும் கழுந்து வச்சு சேர்க்கறதுதான். ஆனா பட்டை ஏறுற வரைக்கும் அது சக்கரம் இல்ல, தட்டினா தடதடன்னு ஆடும்.

பட்டையை கொல்லர் மாமா அடிச்சுக் கொடுப்பாரு, சக்கரத்தோட சுத்தளவை விட கொஞ்சம் சின்னதா. அதுலதான் சூட்சுமமே. அதைத் தரையில வச்சு மேலயும் கீழயும் வரட்டியை வட்டமா அடுக்கி நெருப்பு வைப்பாங்க, இரும்பு சிவந்து விரியும். நாலு பேர் நாலு பக்கம் குறடு போட்டுத் தூக்கிட்டு வந்து சக்கரத்து மேல இறக்கி சம்மட்டியால தட்டி உக்கார வைக்கணும், கட்டை பத்திக்கிட்டு குப்புன்னு புகை வரும், அந்த நேரம் தண்ணியை ஊத்தணும். எனக்கு 7 வயசுல கிடைச்ச முதல் வேலை அந்தத் தண்ணி ஊத்தறதுதான். சுர்ர்ன்னு சத்தம், இரும்பு சுருங்கும், சக்கரமே ஒரு தடவை முனகும், 12 காலும் குடத்துக்குள்ள போயி இறுகிடும். அப்புறம் அதை யாரும் பிரிக்க முடியாது. ஆணி எதுக்கு?

லேட்டா தண்ணி ஊத்தினா வட்டை கருகிடும், ஒரு பக்கமா ஊத்தினா சக்கரம் கோணிடும். அப்பா கத்த மாட்டாரு, கையைத் தூக்குவாரு, கையை இறக்கினா ஊத்தணும். பட்டாளத்துல பாலத்தைத் தள்ளும்போது இப்படித்தான் கைச்சாடையில வேலை வாங்குவாங்களாம்.

80கள் கடைசியில டயர் வண்டி வந்துச்சு, அப்புறம் டிராக்டர், அப்புறம் அப்பாவுக்கு கலப்பையும் சக்கரமும் போயி நிலை, ஜன்னல், கதவுன்னு ஆயிடுச்சு. அதுக்கும் ரெடிமேட் கதவு வந்துடுச்சு. அவரு யாரையும் திட்டல, "மாடு நிம்மதியா இழுக்குதுல்ல"ன்னாரு டயர் வண்டியைப் பார்த்து. எனக்குத்தான் ஆத்தாமை.

கேள்வி: அப்பா அப்பான்னு எழுதறீங்க. 16 வருஷம் அவரு அங்க இருந்தப்ப இங்க குடும்பத்தை யாரு பார்த்தாங்க? அம்மாவைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே? – இல்லத்தரசி, குடியாத்தம்

சரியாக் கேட்டீங்க அக்கா, மன்னிச்சுக்கோங்க.

1970ல லீவுல வந்தப்ப கல்யாணம். அண்ணன் பொறந்தது 1971 நவம்பர், அப்பா அவனை முதல்ல பார்த்தது அவனுக்கு அஞ்சு மாசம் ஆனப்புறம். குழந்தை பொறந்துச்சுன்னு அம்மா எழுதிப் போட்ட இன்லேண்ட் லெட்டர் சண்டை முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அவரு கைக்குப் போயிருக்கு. எழுதிப் போட்டன்னு சொல்றேனே, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன் தாத்தாதான் எழுதுவாரு, அவருதான் வர்றதைப் படிச்சும் காட்டுவாரு. புருஷன் பொண்டாட்டி பேச்சு மொத்தமும் மூணாவது மனுஷன் வழியாத்தான். அதனால அம்மா எல்லா லெட்டரையும் "மாடு நல்லா இருக்கு, உளியெல்லாம் நல்லா இருக்கு"ன்னுதான் முடிப்பாங்களாம். அட்ரஸ் ஊரு இருக்காது, நம்பர், பேரு, யூனிட்டு, 56 ஏ.பி.ஓ.ன்னு ராணுவத் தபால் ஆபீஸ் நம்பர், அவ்வளவுதான். புருஷன் எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியாம குடும்பம் நடத்தினவங்க அவங்க.

உளி நல்லா இருக்குன்னு எழுதினது வெறும் வார்த்தை இல்ல. மாசம் ஒரு தடவை அமாவாசை கழிஞ்சு அப்பாவோட உளி, வாச்சி, இழைப்புளி அலகு எல்லாத்தையும் எடுத்து துணியில தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு வைப்பாங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து 9 வருஷம். மணியார்டர் வர லேட்டானா தலைக்கு வைக்க எண்ணெய் இருக்காது, உளிக்கு இருக்கும். அந்த எண்ணெயைத் தலைக்கு வச்சுக்கிட்டா அவரு வர மாட்டாருன்னு அவங்களுக்குள்ள ஒரு பயம், இதை எங்கிட்ட சொன்னது அப்பா போனப்புறம்தான்.

1979ல அவரு ஹவில்தாரா பென்ஷனோட வந்து இறங்கினப்ப எனக்கு 4 வயசு. கறுப்பு இரும்பு டிரங்கு பெட்டி, அதுல வெள்ளை பெயின்ட்ல நம்பரும் பேரும். நான் ஓடிப்போயி அம்மாகிட்ட "யாரோ மாமா வந்திருக்காரு"ன்னேனாம். அம்மா சிரிச்சுட்டு அப்புறம் அழுதாங்களாம். அவரு உள்ள வந்து உக்காரக் கூட இல்லையாம், பரண்ல இருந்து உளிப்பையை எடுத்துப் பிரிச்சுப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னாராம். ஒரு உளில கூட துரு இல்ல.

எங்க வட ஆற்காடு பக்கம் இந்த மாதிரி பொம்பளைங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம்னா வீட்டுக்கு ஒருத்தி இப்படி இருந்திருக்கான்னு அர்த்தம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் முன்னாள் ராணுவம், போன மாசம் தவறிட்டாரு. டிஸ்சார்ஜ் புக்குல என் பேரு ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருக்கு. பென்ஷன் வராதுன்னு ஒருத்தர் சொல்றாரு, 15 ஆயிரம் கொடுத்தா முடிச்சுத் தரேன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எனக்கு யாரும் இல்லம்மா. – பெரியம்மா ஒருத்தர், தர்மபுரி மாவட்டம்

அம்மா, முதல்ல அந்த 15 ஆயிரத்தைக் கொடுத்துடாதீங்க. ஒத்தை ரூபா கொடுக்க வேண்டாம்.

குடும்ப பென்ஷன் உங்க உரிமை. பேரு எழுத்து மாறியிருக்கறது நம்ம பக்கம் பாதி வீட்ல இருக்கற பிரச்சினை, அந்தக் காலத்துல வடக்கத்தி கிளார்க் காதுல விழுந்ததை எழுதியிருப்பாங்க, எங்க அம்மா பேரும் அப்படித்தான் ரெண்டு எழுத்து தப்பா இருந்துச்சு. அதைச் சரி பண்ண ஒரு ஆபீஸ்ல எங்களை 14 மாசம் அலைய விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேப்பர் கேட்டாங்க, மொத்தமா என்ன வேணும்னு ஒருத்தரும் சொல்லல, 70 வயசு அம்மாவை வராண்டாவுல உக்கார வச்சது இன்னைக்கும் எனக்கு ஆறல. அதனாலதான் உங்களுக்கு விவரமா எழுதறேன், யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

டிஸ்சார்ஜ் புக், பிபிஓன்னு சொல்ற பென்ஷன் ஆர்டர், இறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், பேங்க் பாஸ்புக், உங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருந்தா அது, எல்லாத்துலயும் மூணு மூணு நகல் எடுத்துக்கோங்க. தர்மபுரியிலயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, அங்க போங்க, இந்த மாதிரி விண்ணப்பத்துக்கு உதவறதுதான் அவங்க வேலை, இலவசம். ரெண்டு விதமா எழுதியிருக்கற பேரும் உங்க ஒருத்தரோடதுதான்னு நோட்டரிகிட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கச் சொல்லுவாங்க. அதை வச்சு அவரு இருந்த படையோட ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதணும், மெட்ராஸ் ரெஜிமென்ட்னா ஊட்டி பக்கம் வெலிங்டன்ல, சாப்பர்ஸ்னா பெங்களூர்ல. எந்தக் கடிதமா இருந்தாலும் அவரோட சர்வீஸ் நம்பரை மேல எழுதிடுங்க, அங்க பேரை விட நம்பர்தான் பேசும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். அவரு பேர்ல இந்த மாசமும் பென்ஷன் பேங்குல ஏறியிருந்தா அதை எடுத்துச் செலவு பண்ணிடாதீங்க, அவரு தவறிட்டாருன்னு பேங்குக்கு எழுதிக் கொடுத்துடுங்க, இல்லன்னா பின்னாடி உங்க பென்ஷன்ல பிடிப்பாங்க. உங்களுக்கு வர்றது அவரு வாங்கினதை விடக் குறைச்சலா இருக்கும், ஆனா குறைஞ்சபட்சம் மாசம் 9,000மும் அதுக்கு மேல அகவிலைப்படியும் உண்டு. வந்தப்புறம் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கணும், மறக்காதீங்க. ஈசிஹெச்எஸ் கார்டையும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க.

தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்கம்மா, யாரைப் பார்த்தீங்க, என்ன பேப்பர் கொடுத்தீங்கன்னு. கொடுக்கற பேப்பருக்கெல்லாம் சீல் போட்ட நகல் கேட்டு வாங்குங்க. யாரும் இல்லன்னு எழுதியிருக்கீங்க, இதைப் படிக்கற தர்மபுரி பக்கத்து மிலிட்டரிக்காரங்க ஒருத்தராவது ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்க, அம்மாகூட ஒரு நாள் போயிட்டு வாங்க.

கேள்வி: தாத்தா பெட்டியில அஞ்சு மெடல் இருக்கு, எது எதுக்குன்னு தெரியல. வித்தா காசு வருமா? – 12ஆம் வகுப்பு மாணவன்

விக்காத ராஜா. மெடல் ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்துல பாரு, விளிம்புல தாத்தா நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும். சங்க்ராம் மெடல், பஸ்சிமி ஸ்டார், பூர்வி ஸ்டார் இந்த மூணுல எது இருந்தாலும் 1971, பஸ்சிமின்னா மேற்கு, பூர்வின்னா கிழக்கு. சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் இருந்தா 1965. 1972ல சுதந்திரம் கிடைச்சு 25 வருஷம் ஆனதுக்கு ஒண்ணு கொடுத்தாங்க, அதுவும் இருக்கலாம். பளபளன்னு ஆகணும்னு புளி போட்டுத் தேய்ச்சுடாத, பேரு அழிஞ்சுடும். ரிப்பனைப் பிய்க்காத, கலர் வச்சுத்தான் எந்த மெடல்னு சொல்லுவாங்க.

கேள்வி: அப்பா கடைசியா செஞ்ச சாமான் எது? இப்ப உங்ககிட்ட இருக்கா? – சென்னை வாசகி

எங்கிட்ட இல்ல. 2012ல அவருக்கு 68 வயசு, அப்பவும் காலையில 6 மணிக்கு ஷேவ் பண்ணிட்டு பட்டறையில உக்காந்துடுவாரு. பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா வீடு கட்டறாங்க, அவங்களுக்கு வேப்பமரத்துல ஒரு ஜன்னல் சட்டம், 500 ரூபா அட்வான்ஸ் வாங்கியிருந்தாரு. மூணு மூலையில கழுந்து ஏத்தி முடிச்சுட்டாரு, நாலாவது மூலைக்கு கோடு மட்டும் கிழிச்சு வச்சிருந்தாரு. அன்னைக்கு மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவருதான்.

காரியம் முடிஞ்ச மறுநாள் அவரு கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தோம், பட்டாளத்து நோட்டு மாதிரி கோடு போட்டு எழுதுவாரு, அதுல கடைசி வரி "ஜன்னல் 1, வாங்கியது 500, கொடுக்க வேண்டியது: ஜன்னல்"னு இருந்துச்சு. அந்த அம்மா வந்து பணமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அண்ணன் கேக்கல. அவன் பஸ் டிரைவர், உளி பிடிச்சு 20 வருஷம் இருக்கும். டிரங்கு பெட்டியைத் திறந்து அப்பா உளியை எடுத்தான், நான் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன், அவரு கிழிச்ச கோட்டு மேலயே ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டினோம், ஒரு நாள் பூரா ஆச்சு. இருந்தாலும் அந்த மூலை மட்டும் ஒரு நூல் இடைவெளி விட்டுடுச்சு.

அந்த ஜன்னல் இன்னும் அந்த வீட்லதான் இருக்கு, தெருப்பக்கம். காத்து மழைன்னா அந்த மூலை வழியா உள்ள தண்ணி வருதுன்னு போன ஐப்பசில அந்த அம்மா போன் பண்ணினாங்க, அண்ணன் டூட்டி முடிச்சு வர்ற வழியில போயி மெழுகு காய்ச்சி ஊத்திட்டு வந்தான்.